கலியன் எட்டு நாள் சவரம் செய்த கதை

மரக்காணத்தில் கலியன் என்ற பெயரில் நான்கைந்து பேர் உண்டு. இந்தக் கலியன் சடையப்பன் மகன். மூன்று பெண்களுக்குப் பிறகு பிறந்த ஒரே பையன். இவனுடைய அம்மாவும் மைக்செட் பலராமனுடைய அம்மாவும் கூடப்பிறந்தவர்கள். கலியனின் அம்மா மூத்தவள், பலராமனின் அம்மா இளையவள். அந்த முறையில் பலராமனுக்குக் கலியன் அண்ணன். அதனால்தான் முதலாளியாக இருந்தும் பலராமன் இவனை "அண்ணே" என்று கூப்பிட்டான். சம்பள ஆளாக இருந்தும் கலியன் அவனை "ஏம்பா பலராமா" என்று கூப்பிட்டான். பார்க்கிறவர்களுக்கு யார் யாருக்கு வேலை செய்கிறார்கள் என்பது சட்டென்று பிடிபடாது.

பதினாலு வயதில் கலியன் உப்பளத்தில் இறங்கினான். தை பிறந்தால் பாத்தி மிதிப்பது, மாசியில் தண்ணீர் கட்டுவது, பங்குனியிலிருந்து ஆடி வரைக்கும் பலகை போட்டு உப்பு வாருவது. முகூர்த்த நாள் வந்தால் மட்டும் பலராமனுடைய மைக்செட்டோடு போய்விடுவான். கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, சாவு எல்லாவற்றுக்கும் இருபத்திரண்டு வருடம் பாட்டுப் போட்டவன் அவன்.

அவனுக்கு வந்த கஷ்டம் கண்ணில் வந்தது. உச்சி வெயிலில் வெள்ளை வெளேரென்று கிடக்கிற உப்பைப் பார்த்துக்கொண்டே வேலை செய்தால் கண் என்ன ஆகும்? முதலில் கூசியது. பிறகு ஓரத்தில் சதை வளர்ந்தது. பிறகு பார்வைக்கு நடுவே ஒரு புகைத் திட்டு வந்து உட்கார்ந்துகொண்டது. ஆள் நடப்பது தெரியும், புடவையின் நிறம் தெரியும், வண்டி வருவது தெரியும். ஆனால் நேருக்கு நேர் எதைப் பார்த்தாலும் அந்த இடத்தில்தான் புகை. எழுத்து போய்விட்டது. முகம் பாதி போய்விட்டது.

இது ஞானாம்பாளுக்குத் தெரியும். அவள் அவன் பெண்சாதி, பிரம்மதேசத்துப் பெண். வேறு ஒருவருக்கும் அவன் சொல்லவில்லை. பலராமனுக்குச் சொல்லவே இல்லை. மைக்செட்டில் சீரியல் பல்பு கட்டிக்கொண்டிருந்த ராஜாங்கத்துக்குக் காது மந்தமானபோது, பலராமன் ஒரு வேட்டி துண்டு வாங்கிக் கொடுத்து, "வீட்ல நிம்மதியா இருங்க மாமா" என்று சொல்லி அனுப்பியதைக் கலியன் பக்கத்தில் நின்று பார்த்தவன். மரியாதையாகத்தான் அனுப்பினான். ஆனாலும் அனுப்பிவிட்டான்.

கேசட் இருந்த காலத்தில் கண் இல்லாமலே கலியனால் சமாளிக்க முடிந்தது. டப்பாவின் ஓரத்தில் கத்தியால் வெட்டு போட்டு வைத்திருந்தான். ஒரு வெட்டு சாமிப் பாட்டு, இரண்டு வெட்டு கல்யாணப் பாட்டு, மூன்று வெட்டு சாவுக்கு. விரலால் தடவி எடுத்துப் போடுவான். பலராமனுக்கு அது கெட்டிக்காரத்தனமாகத் தெரிந்ததே தவிர, வேறு எதுவும் தெரியவில்லை.

இரண்டாயிரத்து ஆறாம் வருடம் வைகாசியில் அந்தக் கேசட் காலம் முடிந்தது.

கடற்கரை ரோட்டில் ஒரு ரிசார்ட், சுனாமி அலை வந்த வருடத்தோடு மூடிக் கிடந்தது. அதன் ஸ்பீக்கர்களை மொத்தமாக விலைக்குக் கேட்கப் போன பலராமன், கூடவே ஒரு தடித்த லேப்டாப்பும், கறுப்பாக ஒரு பெட்டியும் ஏற்றிக்கொண்டு வந்தான். பெட்டி ஒரு முறத்தின் அளவு இருந்தது. அதன் மேலே இரண்டு வட்டத் தட்டுகள், திருகுகிற குமிழ்கள், மேலும் கீழும் தள்ளுகிற தள்ளிகள், நடுவில் குறுக்கே ஓடுகிற ஒரு தள்ளி, சுற்றிலும் பட்டன்கள்.

"அண்ணே, இனிமே கேசட்டு கெடையாது. ஐநூறு பாட்டு இந்த லேப்டாப்புல இருக்குது. ஒரு பாட்டு முடியறதுக்குள்ள இன்னொரு பாட்ட மேல ஏத்தணும். நடுவுல சத்தம் நிக்கவே கூடாது. டிஜேன்னு பேரு."

"சரிப்பா."

"மவுஸ புடிச்சி ஒரு தபா போட்டுக் காட்டு."

கலியன் மவுஸைப் பிடித்தான். திரை முழுக்க ஒரே வெளிச்சம். அதில் எங்கேயோ ஒரு சின்ன அம்பு ஓடுகிறதாம். புகைக்குள் அம்பைத் தேடினால் எங்கே கிடைக்கும்? அவன் மவுஸை இங்குமங்கும் தேய்த்தான். லேப்டாப் பொக்கென்று ஒரு சத்தம் போட்டது.

"இன்னாண்ணே, வரப்பு மெழுகுறாப்பல மெழுகுற?"

"புதுசு இல்ல? கை பழகணும்."

பலராமன் மவுஸை வாங்கி ஓரமாக வைத்தான். பிறகு சொன்னான்: "அடுத்த ஞாயித்துக்கெழமை பிரம்மதேசத்துல மஞ்சத்தண்ணி. அண்ணி ஊட்டு ஒறவுதான், விஜயலட்சுமி பொண்ணுக்கு. அன்னிக்கு இத நீ நல்லபடியா ஓட்டிட்டேன்னா நீயே ஓட்டு. இல்லேன்னா பாண்டில ஒரு ஆள சொல்லி வெச்சிருக்கேன், அவன் வந்துடுவான். தப்பா நெனைக்காத."

"தப்பா நெனைக்க இன்னா இருக்குது" என்றான் கலியன். அன்று வீட்டுக்கு நடந்து வருகிறபோது, இரண்டு வெட்டு மூன்று வெட்டுப் போட்ட அத்தனை கேசட்டுகளும் ஒரு சாக்கு மூட்டையில் கட்டிப் பலராமன் வீட்டுப் பரண்மேல் போகப்போவதையே நினைத்துக்கொண்டிருந்தான்.

அந்த ரிசார்ட்டில் முன்பு எலெக்ட்ரீஷியனாக இருந்தவன் அசோகன். இப்போது சென்னைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். ஊருக்குப் போவதற்கு முன்னால் ஒரு மத்தியானம் கலியன் வீட்டுக்கு வந்து, கை பழகக் கலியன் எடுத்து வந்திருந்த பெட்டியை யூ.எஸ்.பி ஒயரால் லேப்டாப்பில் சொருகிக் காட்டினான். சத்தமும் அந்தப் பெட்டி வழியாகத்தான் ஆம்ப்ளிஃபயருக்குப் போகும் என்றான்.

"மவுஸே வேணாம்ண்ணே. எல்லாத்தையும் இந்தப் பொட்டியிலயே பண்ணலாம். ஆனா மொதல்ல மேப் பண்ணணும்."

ஞானாம்பாள் அப்போதுதான் உப்புச் சுமந்துவிட்டு வந்து கால் கழுவிக்கொண்டிருந்தாள். "மேப்பா? யார் நெலத்துக்கு? அளக்க வர்றாங்களா?" என்று பதறிக் கேட்டாள். அலைக்குப் பிறகு உப்பளத்தில் ஆள் மாற்றி ஆள் வந்து அளந்துகொண்டிருந்த நேரம் அது.

அசோகன் சிரித்தான். "நெலம் இல்லக்கா. இந்தப் பட்டன் எந்த வேலைய செய்யணும்னு சொல்லிக் குடுக்கறது. பாருங்க, இங்க லேர்ன்னு எழுதியிருக்குது. அத மவுஸால அமுக்கணும். அப்புறம் ஸ்க்ரீன்ல எந்த வேலையோ அத அமுக்கணும், பாட்டு ஓடறது, நிக்கறது, சத்தம் ஏத்தறது, எதுவோ. அப்புறம் பொட்டியில எதத் தொடுறீங்களோ, அதுக்கு அந்த வேலைன்னு கத்துக்கும். அவ்ளோதான்."

"எத மொதல்ல தொட்டாலும் அதையே புடிச்சிக்குமா?" என்று கேட்டான் கலியன்.

"எது மொதல்ல அசையுதோ அது."

மெயின் ரோட்டில் பஸ் ஹாரன் கேட்டது. அசோகன் பையைத் தூக்கித் தோளில் மாட்டிக்கொண்டான். பாதித் தெருவுக்குப் போனவன் திரும்பிக் கத்தினான்: "அண்ணே! எல்லாம் முடிச்சிட்டு மறக்காம சேவ் பண்ணிடு! அதான் முக்கியம்!"

கலியன் தன் தாடையைத் தடவிப் பார்த்தான். நான்கு நாள் தாடி சொரசொரவென்று இருந்தது. பெரிய விசேஷங்களில் டிஜேயாக நிற்கப் போகிறவன் மழித்துக்கொண்டு நிற்க வேண்டும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான். ரிசார்ட்டில் வேலை பார்த்த பையன், அந்த வழக்கமெல்லாம் அவனுக்குத் தெரியும்.

மறுநாள் மத்தியானம் புருஷனும் பெண்சாதியும் பெட்டியின் முன்னால் உட்கார்ந்தார்கள். மேலே ஆஸ்பெஸ்டாஸ், கீழே சிமெண்ட், நடுவில் இரண்டு உடம்பும் வெந்துகொண்டிருந்தன. ஞானாம்பாள் அஞ்சாவது வரைக்கும் படித்தவள். எண்ணெல்லாம் வாசிப்பாள், ஆங்கிலத்தில் பெரிய எழுத்தைக் கூட்டிப் படிப்பாள். விடிகாலை ஐந்து மணியிலிருந்து பன்னிரண்டு வரைக்கும் தலையில் உப்புக்கூடை சுமந்தவள். கொட்டாவி விட்டுக்கொண்டே மவுஸைப் பிடித்தாள். 

லேர்னை அமுக்கினாள். திரையில் பாட்டு ஓடுகிற பட்டனை அமுக்கினாள். "ம், தொடு" என்றாள். கலியன் பெட்டியில் இடது பக்கத்துப் பட்டனை அமுக்கினான். பிறகு பாட்டைப் போட்டுப் பார்த்தார்கள்.

பாட்டு ஓடியது. நின்றது. ஓடியது. நின்றது. யாரும் எதையும் தொடவில்லை. பாடுகிறவன் அ, அ, அ என்று விக்கினான்.

"பேய் புடிச்சிருக்குதா இதுக்கு?"

"மறுபடியும் பண்ணு."

மறுபடியும் செய்தார்கள். மறுபடியும் விக்கல். சத்தம் ஏற்றுகிற தள்ளிக்குச் சொல்லிக் கொடுத்துப் பார்த்தார்கள். சத்தம் நடுவிலேயே நின்று குளிர்காய்ச்சல்காரன் மாதிரி நடுங்கியது. இரண்டு மணி நேரம் எந்த வேலையைச் சொல்லிக் கொடுத்தாலும் பெட்டி அதை வேறு எங்கேயோ கொண்டுபோய் வைத்தது.

ஞானாம்பாள் முதுகைச் சுவரில் சாய்த்தாள். "எனக்கு முடியல. கண்ணு சொருவுது."

"ஸ்க்ரீன்ல இன்னா தெரியுது, அத மட்டும் சொல்லிட்டுத் தூங்கு."

"இன்னா தெரியுது... ஓரத்துல ஒரு நம்பரு மட்டும் மாறிக்கினே இருக்குது. அறுவத்தி மூணு. அறுவத்தி நாலு. அறுவத்தி மூணு. அறுவத்தி நாலு. மூணு, நாலு, மூணு..."

"நான் எதையும் தொடலியே."

"நான் மட்டும் தொட்டனா? அது பாட்டுக்கு ஓடுது."

கலியன் நிமிர்ந்து உட்கார்ந்தான். எது முதலில் அசைகிறதோ அதைப் பிடித்துக்கொள்ளும் என்று அசோகன் சொன்னானே. யாரும் தொடாமலே ஏதோ ஒன்று அசைந்துகொண்டிருந்தால்? இவன் பட்டனை அமுக்குவதற்குள் அது முந்திக்கொள்ளும் அல்லவா?

ஒவ்வொரு தள்ளியாக மெதுவாக நகர்த்தினான். "இப்ப நம்பரு எப்பிடி?" "அப்பிடியேதான்." "இப்ப?" "அப்பிடியேதான்." நடுவில் குறுக்கே ஓடுகிற தள்ளியைத் தொட்டு நகர்த்தினான். "ஆ, இப்ப எம்பதுக்குப் போயிடுச்சி. எம்பது, எம்பத்தொண்ணு, எம்பது..."

கலியன் விரலை நாக்கில் வைத்து நனைத்து, அந்தத் தள்ளி ஓடுகிற பள்ளத்தில் ஒரு இழு இழுத்து, மறுபடி நாக்கில் வைத்தான்.

"உப்பு" என்றான்.

"இன்னாது?"

"உப்புடி. ஒன்றர வருசம் கடலப் பாத்த ரூம்புல கெடந்திருக்குது. காத்துல வந்த உப்பு உள்ள போய் உக்காந்திருக்குது. அந்த உப்பு ஈரத்துக்கு இது துடிக்குது."

இரும்புக்குள் ஏறிய உப்பு இறங்காது என்பது உப்பளத்தில் முப்பது வருடம் நின்றவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அப்படி உப்பேறியதை ஆட்டாமல் விடுவதுதான் ஒரே வழி. அவன் அந்தத் தள்ளியை ஒரு ஓரமாகக் கடைசி வரைக்கும் தள்ளி, தீக்குச்சியை இரண்டாக ஒடித்துச் சொருகி இறுக்கினான்.

"இப்ப பாரு."

"சைபர்" என்றாள் ஞானாம்பாள். "சைபர்தான். நின்னுடுச்சி."

குறுக்குத் தள்ளிக்கு ஒரு வேலையும் இல்லை என்று விட்டுவிட்டார்கள். மற்றதெல்லாம் பதினோரு வேலை. இடது பாட்டு ஓட, வலது பாட்டு ஓட, இரண்டுக்கும் சத்தம், இரண்டுக்கும் பாட்டு ஏற்ற, ஹெட்ஃபோனில் கேட்க, இப்படி. பட்டியலில் பாட்டுத் தேட ஒரு குமிழ். அதைத் திருகினால் டிக் டிக் என்று விரலுக்குத் தெரிந்தது. முதல் இருபது டிக்கு சாமிப் பாட்டு, அடுத்த நாற்பது கல்யாணப் பாட்டு என்று ஞானாம்பாள் பாட்டுகளை வரிசை மாற்றி வைத்தாள். கலியன் டிக்கை எண்ணி, ஒரு காதில் கேட்டு, பாட்டை ஏற்றினான். கண்ணுக்கு வேலையே இல்லை.

சாயங்காலம் கரண்ட் போனது. பாட்டரி செத்த லேப்டாப்பும் அணைந்தது. மறுநாள் திறந்தபோது பாட்டு வரிசை அப்படியே இருந்தது, பெட்டிதான் சொல்லிக் கொடுத்த எல்லாவற்றையும் மறந்துவிட்டிருந்தது.

"நேத்து அவ்ளோ சொல்லிக் குடுத்தமே!"

"அதுக்கு அப்பிடித்தான் போல" என்றான் கலியன். "நேத்து கட்டுன தண்ணி இன்னிக்கி இருக்குதா? தெனம் கட்டுறம் இல்ல?"

அவள் பெருமூச்சு விட்டு மவுஸை எடுத்தாள். முதலிலிருந்து பதினொன்றையும் சொல்லிக் கொடுத்தார்கள். அதற்கு மறுநாளும். அதற்கு மறுநாளும். வீட்டு வேலையில் அதுவும் ஒன்றாகச் சேர்ந்துகொண்டது. தண்ணீர் பிடிப்பது, அடுப்பு மூட்டுவது, பெட்டிக்குச் சொல்லிக் கொடுப்பது. முதல் நாள் இரண்டு மணி நேரம் பிடித்த வேலை நான்காம் நாள் கால் மணி ஆனது. ஆறாம் நாள் பேச்சே இல்லாமல் நடந்தது. அவள் "ம்" என்பாள், அவன் தொடுவான். "ம்", தொடுவான்.

அது முடிந்ததும் அவன் அசோகன் சொன்னபடியே சவரம் செய்துகொண்டான், கண்ணாடி இல்லாமல், தடவித் தடவி. எட்டு நாளும் விடாமல். முகத்தில் அங்கங்கே கீறல்.

"இன்னா புதுமாப்பிள்ள, பொண்ணு பாக்கப் போறியா?" என்று ஞானாம்பாள் கேட்டாள்.

"அசோகன் சொன்னான்டி. முக்கியம்னு சொன்னான்."

"இருக்கற வேல பத்தாதுன்னு இதுவேற."

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் பெட்டியும் லேப்டாப்புமாகப் பிரம்மதேசத்துக்குப் போனார்கள். முந்தின நாளே ஸ்பீக்கரும் ஆம்ப்ளிஃபயரும் கட்டியிருந்த பந்தலில் ஆள் சேர்வதற்குள், மேசையைத் துடைக்கிறவள் மாதிரி நின்றுகொண்டு ஞானாம்பாள் பதினொன்றையும் சொல்லிக் கொடுத்து முடித்தாள். பிறகு உறவுக்காரப் பெண்ணாகப் பூ வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். பலராமன் வேனில் வந்து இறங்கியபோது கலியன் தனியாக, மழித்த முகத்தோடு, பெட்டியின் முன்னால் நின்று பாட்டுப் போட்டுக்கொண்டிருந்தான். ஒரு பாட்டின் வால் கரையும்போது அடுத்த பாட்டின் தலை எழுந்தது. பலராமன் பத்து நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு கேட்டான். தலையை ஆட்டினான். கலியனுக்கு அந்தத் தலையாட்டல் தெரியவில்லை. ஆனால் பலராமன் திட்டாமல் நகர்ந்துபோன செருப்புச் சத்தம் தெரிந்தது.

இனி வரவேண்டியது தாய்மாமன் சீர். விஜயலட்சுமியின் தம்பி செந்தமிழ் அக்காள் வீட்டோடு நான்கு வருடமாகப் பேச்சு வார்த்தை இல்லாதவன். இன்றைக்குத்தான் சீர் எடுத்து வருகிறான். சீர் தெருமுனைக்கு வந்ததும் பாட்டு மாற வேண்டும், மாமன் பெயரை மைக்கில் சொல்ல வேண்டும், அவன் பந்தலுக்குள் கால் வைக்கும்போது மாமன் பாட்டு உரக்க ஒலிக்க வேண்டும். அந்த ஊர்களில் அதுதான் மரியாதை. மைக்செட் அந்த நேரத்தில் ஊமையானால், வேண்டுமென்றே செய்தார்கள் என்றுதான் பேச்சு வரும். வந்த சீரும் திரும்பிப் போகும்.

தெருமுனையில் தவில் கேட்டது. கலியன் டிக்கை எண்ணி மாமன் பாட்டை வலது பக்கத்தில் ஏற்றி வைத்தான். சீர்க்காரர்கள் முனையிலேயே நின்று முதல் சரவெடியைக் கொளுத்தினார்கள்.

சீரில் ஒரு கிடா இருந்தது. மாலை போட்டு, கொம்புக்கு மஞ்சள் தடவிய கிடா. முதல் வெடி வெடித்ததும் அது பிடித்திருந்தவன் கையிலிருந்து கயிற்றைப் பிடுங்கிக்கொண்டு நேராகப் பந்தலுக்குள் ஓடி வந்தது. மேசைக்கு அடியில் புகுந்தது. அந்தப் பக்கம் வெளியே பாய்ந்தது. பாய்ந்தபோது அதன் மாலையில் யூ.எஸ்.பி ஒயர் மாட்டிக்கொண்டு வந்தது.

பாட்டு நின்றது.

கலியன் குனிந்து தடவி ஒயரைக் கண்டுபிடித்தான். மறுபடி சொருகினான். பட்டனை அமுக்கினான். ஒன்றும் வரவில்லை. எல்லாம் மறந்துபோச்சு என்று அவனுக்குத் தெரிந்தது. மூடித் திறந்து, பதினொன்றையும் முதலிலிருந்து சொல்லிக் கொடுக்க வேண்டும். அம்பைப் பிடித்து லேர்னை அமுக்க இவனுக்குக் கண் வேண்டும்.

வெடி போகிறவரைக்கும் யாருக்கும் பாட்டு நின்றது தெரியாது. வெடி எவ்வளவு நேரம் போகும்?

பேசாமல் இருந்தால் பலராமன் ஓடிவருவான், ஒயர் புடுங்கிடுச்சி என்று சொல்லலாம், கிடா மேல் பழி போடலாம். கண் விஷயம் வெளியே வராது. பாண்டி ஆள் வருவான், வேட்டி துண்டு வரும், ஆனால் குருடன் என்ற பேர் வராது. கலியன் இதையெல்லாம் ஒரு நொடிதான் நினைத்தான். மைக் ஆம்ப்ளிஃபயரில் நேராகச் சொருகியிருந்தது, அது உயிரோடு இருந்தது. அதை எடுத்தான்.

"ஞானாம்பா! எங்க இருந்தாலும் மைக்செட்டாண்ட வா! ஞானாம்பா!"

புருஷன் பெண்சாதியை மைக்கில் பேர் சொல்லிக் கூப்பிட்டதை அந்த ஊர் அதற்கு முன் கேட்டதில்லை. பந்தலில் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். "ஏண்டி ஞானாம்பா, ஒன்ன உட்டு இருக்க முடியலயாம் அவுருக்கு!" என்று ஒருத்தி கத்தினாள். ஞானாம்பாள் ஆரத்தித் தட்டை யார் கையிலோ திணித்துவிட்டு ஓடி வந்தாள். முகம் சிவந்திருந்தது.

"மானத்த வாங்கறியே..."

"மறந்துடுச்சி. மொதல்லருந்து."

அவள் அதற்குமேல் கேட்கவில்லை. குனிந்து லேப்டாப்பை மூடித் திறந்தாள். தீக்குச்சி எகிறிப்போயிருந்தது, கலியன் குறுக்குத் தள்ளியைக் கட்டைவிரலால் ஓரத்தில் அழுத்திப் பிடித்துக்கொண்டான்.

"சைபரா?"

"சைபர். ம்."

தொட்டான்.

"ம்."

தொட்டான்.

முதல் சரம் முடிந்தது. தெருவில் திடீரென்று அமைதி. பந்தலில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்க ஆரம்பித்தார்கள். கலியன் இடது முழங்கையால் தள்ளியை அழுத்திக்கொண்டு மைக்கை வாயருகே கொண்டுபோனான்.

"தாய்மாமன் வர்றாரு! பிரம்மதேசம் பெரியவரு ஏழுமல பேரன், மண்ணாங்கட்டி மகன், விஜயலட்சுமி கூடப்பொறந்த தம்பி செந்தமிழ் வர்றாரு! மாமன் கொண்டாந்த சரவெடி ஒண்ணுதானா, இன்னும் இருக்குதா? ஊரு கேக்குது!"

தெருமுனையில் ஆரவாரம். செந்தமிழுக்கு ரோஷம் வந்துவிட்டது. "கொளுத்துடா அடுத்தத! எல்லாத்தையும் கொளுத்து!" என்று அவன் கத்தியது இங்கே கேட்டது. மறுபடி வெடித்தது.

"ம்" என்றாள் ஞானாம்பாள். ஏழு. "ம்." எட்டு.

பலராமன் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றான். "இன்னாண்ணே ஆச்சி? அண்ணி இன்னா பண்றாங்க?"  அவள் திரையைப் பார்த்து "ம்" என்பதையும், இவன் திரைப் பக்கம் தலையைக்கூடத் திருப்பாமல் பெட்டியைத் தொடுவதையும் அவன் பார்த்துக்கொண்டே நின்றான்.

பதினொன்று. கலியன் டிக்கை எண்ணினான். பாட்டை ஏற்றினான். கடைசி வெடி அடங்கி, புகையோடு செந்தமிழ் பந்தலுக்குள் கால் வைத்தபோது மாமன் பாட்டு எழுந்தது. விஜயலட்சுமி தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். கிடாவை இரண்டு பேர் பிடித்துக் கட்டினார்கள்.

விசேஷம் முடிந்து, பந்தி முடிந்து, ஸ்பீக்கரை இறக்க ஆரம்பித்தது மத்தியானம் மூன்று மணிக்கு. பலராமன் ஒரு டம்ளர் கலர் சோடா வாங்கிக்கொண்டு வந்தான். கலியனுக்கு நேர் எதிரே நின்று, ஒன்றும் பேசாமல், அதை அவன் முகத்துக்கு முன்னால் நீட்டினான். கலியன் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தான். டம்ளர் அங்கேயே நின்றது. கலியன் ஒயரைச் சுற்றிக்கொண்டே இருந்தான்.

"எத்தினி நாளா?" என்றான் பலராமன்.

கலியன் கை நின்றது. "ரெண்டு வருசம். கொஞ்சம் கூடவே இருக்கும்."

"ரெண்டு வருசமா கண்ணு தெரியாமயா எனக்குப் பாட்டு போட்ட?"

"பாட்ட காதாலதான கேக்கறாங்க."

பலராமனுக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் கையைப் பிடித்து டம்ளரை உள்ளே வைத்தான். பெட்டிக்குத் தினம் சொல்லிக் கொடுத்த கதையை ஞானாம்பாள் சொன்னதும், செல்போனை எடுத்துச் சென்னைக்கு அசோகனைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டான். "ஏண்டா, ஒயரு புடுங்கிச்சின்னா எல்லாம் மறந்துபூடுதே, இன்னா பொட்டிடா இது? தெனம் மொதல்லருந்து சொல்லிக் குடுக்கறாங்களாம்!"

"தெனமா? ஏன்? நான்தான் மறக்காம சேவ் பண்ணிடுன்னு சொன்னேனே!"

"பண்ணேனே" என்றான் கலியன். "எட்டு நாளும் பண்ணேன். இன்னிக்கி விடிகாலைலகூட பண்ணேன்." தாடையில் இருந்த கீறலைத் தொட்டுக் காட்டினான்.

"சவரம் பண்ண கீறல காட்டறாருடா" என்றான் பலராமன் போனில். பிறகு அசோகன் சிரித்த சிரிப்பு பந்தல் முழுக்கக் கேட்டது. "அண்ணே! அந்த சேவ் இல்லண்ணே! எழுதி வெக்கறது! மேல ஓரத்துல ஒரு பட்டன் இருக்கும், ஒரே ஒரு தபா அமுக்கினா போதும், காலத்துக்கும் மறக்காது!"

ஞானாம்பாள் கலியனைப் பார்த்தாள். எட்டு மத்தியானம். உப்புச் சுமந்த தலையோடு எட்டு மத்தியானம். அவளுக்குக் கோபப்படக்கூடத் தெம்பில்லை.  பிறகு அவளுக்கும் சிரிப்பு வந்தது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரித்தாள்.

பலராமன் போனைச் சட்டைப்பையில் போட்டான். "பாண்டி ஆள வேணான்னு சொல்லிடறேன்" என்றான். "ஆனா ஒண்ணு. புதுப் பாட்டு வரும். பேரு படிக்கணும், வரிசையா வெக்கணும். ஒயரு மறுபடி புடுங்கும். அண்ணியும் கூட வரணும். வர்ற வெள்ளிக்கெழமை அனுமந்தைல காதுகுத்து. ரெண்டு பேரும் வந்துடுங்க."

 கலியனின் முகம் ஞானாம்பாள் இருந்த திசைக்குத் திரும்பியது. அவள் சரி என்றால்தான் அவனுக்கு வேலை.

"வெள்ளிக்கெழம எனக்குப் பாத்தி இருக்குது" என்றாள் ஞானாம்பாள்.

"அங்க குடுக்கறத நான் குடுக்கறேன் அண்ணி."

"கூலிய சொல்லல. காலைல அஞ்சு மணிக்கு அங்க போயி, அப்புறம் இங்க வந்து நிக்க என்னால ஆவாது. ஏதாவது ஒண்ணுதான் முடியும்."

"அப்ப இதுக்கே வாங்க."

அவள் இடுப்பில் கையை வைத்து, முதுகை மெதுவாகப் பின்னுக்கு வளைத்தாள். எலும்பு சொடக்கிட்டது. காலையிலிருந்து இரண்டு தரம் அந்த மேசையின் முன்னால் குனிந்து நின்ற முதுகு.

"வர்றேன்" என்றாள். "எனக்கு ஒரு நாற்காலி போடணும்."

"நாற்காலியா? இதுக்குப் போயி. பந்தல்ல நூறு நாற்காலி கெடக்குதே அண்ணி."

"கெடக்குது. காலைலருந்து ஒருத்தரும் ஒண்ணு இழுத்துப் போடல."

பலராமன் அவளை ஒரு தரம் பார்த்தான். பிறகு பந்தலுக்குள் போய், அடுக்கி வைத்திருந்ததிலிருந்து ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியை உருவிக்கொண்டு வந்து போட்டான். ஞானாம்பாள் அதில் உட்கார்ந்தாள். ஆண்கள் ஸ்பீக்கரை வேனில் ஏற்றி முடிக்கிற வரைக்கும் அவள் எழுந்திருக்கவில்லை.